மலையில் பழுதாவதை அடிவாரத்திலேயே அறியலாம்

மின்மாற்றிகளுக்கும் மின்மோட்டார்களுக்கும் உரிய பன்னாட்டுத் தரவிதிகளில், பொதுவாக எவரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. அவற்றில் சொல்லப்படும் வெப்ப வரம்புகளும் மின்காப்பு இடைவெளிகளும், கருவி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேற்படாத உயரத்தில் இயங்கும் என்ற அனுமானத்தின் மீது வகுக்கப்பட்டவை. அதற்கு மேல் காற்றின் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்று வெப்பத்தைக் குறைவாகவே எடுத்துச் செல்லும். மின்பொறி தாவுவதும் எளிதாகும். ஆகவே 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் மின்மாற்றியின் வெளிப்புறக் காற்றிடைவெளியை ஒரு சதவீதம் கூட்ட வேண்டும் என்கிறது விதி. ஏற்காடு நகரம் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. அடிவாரத்திலுள்ள சேலமோ 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. இரண்டுக்கும் இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணமும் மட்டுமே.

சமவெளியில் வாங்கி மலைக்குக் கொண்டுசெல்லப்படும் பம்புசெட், காப்பிப் பழத்தோல் நீக்கும் எந்திரத்தின் மோட்டார், சூரியமின் இன்வெர்ட்டர், கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலப் பெட்டி ஆகிய அனைத்தும் அந்த ஒரு மணி நேரத்தில் வேறொரு தட்பவெப்ப உலகுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். மலையின் குளிர்ச்சி, மோட்டார் சூடாவதை ஓரளவு ஈடுகட்டும் என்பது உண்மை. மின்காப்பு விஷயத்தில் அந்தச் சலுகை பெரிதாகக் கிடைப்பதில்லை.

அழுத்தத்தைக் காட்டிலும் பெரிய பகை ஈரம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பாட்டில் வியர்ப்பதை அனைவரும் பார்த்திருக்கிறோம். மலையில் அதே நிகழ்வு கருவிகளின் வயிற்றுக்குள் நடக்கிறது. இரவு முழுவதும் குளிர்ந்துபோன இரும்புப் பெட்டிக்குள் காலையில் வெப்பமான ஈரக்காற்று நுழையும்போது, இன்னும் குளிராகவே இருக்கும் மின்சுற்றுப் பலகையின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் தூசியும், பற்றவைத்தபோது எஞ்சிய இரசாயனமும் அதில் கரைந்து, மின்சாரம் கசிவதற்கு வழி அமைத்துக் கொடுக்கின்றன. மாலையில் பெட்டி குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் விளிம்பின் இடுக்கு வழியாக வெளியிலுள்ள மூடுபனியை உள்ளே இழுக்கிறது. பெட்டி மூச்சு விடுகிறது என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். ஒரு நாளில் எதுவும் ஆகாது. இருநூறு நாள் இப்படி மூச்சுவிட்ட பிறகு, ஒரு நவம்பர் காலையில் கருவி இயங்க மறுக்கும்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் எழும் கேள்வி, பழுதுக்கான விலையைச் செலுத்துவது யார் என்பதே. கருவி மலையைத் தாங்குமா என்று தயாரிப்பாளர் சோதித்துப் பார்க்கவில்லை என்றால், அந்தச் சோதனை நடக்காமல் போய்விடுவதில்லை. வாங்கியவரின் தோட்டத்தில், அவருடைய செலவில், அறுவடைக் காலத்தின் நடுவில் அது நடக்கிறது. பழுதுபார்ப்பவரை அடிவாரத்திலிருந்து வரவழைக்கும் செலவு, வேலை நின்ற நாளின் கூலி, கெட்டுப்போன காப்பிப் பழம் ஆகியவை எந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத சோதனைக் கட்டணங்கள்.

இந்தச் சோதனையை விற்பனைக்கு முன்பே, கட்டுப்படுத்தப்பட்ட முறையில் நடத்துவதற்கு உருவானதே சூழல் சோதனை அறை. மேசைமேல் வைக்கும் சிறு பெட்டி முதல், பேருந்தோ இரயில் பெட்டியோ உள்ளே நுழையக்கூடிய மண்டபம் வரை இதில் பல அளவுகள் உண்டு. அமைப்பு ஒன்றுதான். வெப்பம் கடத்தாத நுரை நிரப்பிய தடித்த சுவர்கள், உட்புறம் முழுவதும் துருப்பிடிக்கா எஃகுத் தகடு, சூடேற்றும் கம்பிச்சுருள்கள், நீராவி செலுத்தும் கொதிகலன், காற்றைச் சுழற்றும் விசிறிகள், குளிரூட்டும் எந்திரம். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் அப்பால் போக வேண்டுமானால் ஒரே குளிரூட்டும் சுற்று போதாது. ஒன்று மற்றொன்றைக் குளிர்விக்கும் இரு சுற்றுகளை அடுக்க வேண்டும். உள்ளே செலுத்தும் நீரிலும் உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் சோதிக்கப்படும் பொருளின்மேல் வெள்ளைப் படிவு ஏறி, முடிவையே திரித்துவிடும். சுவரில் உள்ள துளைகள் வழியாக மின்கம்பிகள் செல்லும். கருவி உள்ளே இயங்கிக்கொண்டிருக்க, வெளியே கணினி அதன் நாடியைக் குறித்துக்கொண்டே இருக்கும்.

அறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை ஐஇசி 60068 என்ற பன்னாட்டுத் தரவிதி வரிசையும், நம் நாட்டின் ஐஎஸ் 9000 வரிசையும் வகுத்துள்ளன. அவற்றுள் சேர்வராயன் மலைக்கு மிகவும் நெருக்கமானது சுழற்சி ஈரவெப்பச் சோதனை. 24 மணி நேரத்தில் வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து 40 அல்லது 55 டிகிரிக்கு ஏறி இறங்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வெப்பம் ஏறும் நேரத்தில் பொருள் அறையைவிடக் குளிர்ந்திருப்பதால் அதன் மேற்பரப்பு வேண்டுமென்றே வியர்க்க வைக்கப்படுகிறது. மலையின் காலைப்பொழுதுதான் இது, சற்று மிகைப்படுத்தப்பட்ட வடிவில்.

இத்தகைய அறைகள் மின்னணு யுகத்தின் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். வெண்பட்டு வேட்டிக்குப் பெயர்பெற்ற சேலத்துக்காரர்களுக்குச் சுவையாக இருக்கக்கூடிய முன்கதை ஒன்று உண்டு. பட்டுநூல் எடைபோட்டு விற்கப்படும் பொருள். ஈரத்தையும் நிறைய உறிஞ்சும். ஈரமான கிடங்கில் வைத்திருந்து விற்றால் வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துப் பட்டின் விலையைக் கொடுக்க நேரிடும். பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் இந்தச் சச்சரவு முற்றியபோது, 1805-ஆம் ஆண்டு நெப்போலியனின் ஆட்சி ஒரு பொது நிறுவனத்தையே ஏற்படுத்தியது. விற்பனைக்கு வரும் பட்டு அங்கே பதப்படுத்தப்பட்டு, நடுநிலையான எடை சான்றளிக்கப்பட்டது. பின்னாளில் அந்த முறை மேலும் துல்லியமாகி, முழுதும் உலர்த்திய எடையுடன் 11 சதவீதம் சேர்ப்பதே வணிக எடை என்றானது. இன்றும் நம் நூற்பாலைகளின் ஆய்வகங்களில் நூலின் வலிமையை அளக்கும் முன், 65 சதவீத ஈரப்பதத்திலும், வெப்பநாடுகளுக்கென ஏற்கப்பட்ட 27 டிகிரியிலும் அதை வைத்திருக்கும் வழக்கம் அந்த மரபைச் சேர்ந்ததே. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒருவரை ஒருவர் நம்ப முடியாத இடத்தில், இருவருக்கும் பொதுவான ஓர் அறையைக் கட்டியதுதான் லியோனில் நடந்தது.

ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைக் கோட்பாடாக்கியது. பழைய கார்ச் சந்தையில் எது நல்லது, எது ஓட்டை என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க எவரும் முன்வர மாட்டார்கள். நல்லவை வெளியேற, ஓட்டைகளே மிஞ்சும். 2001-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசை மற்றிருவருடன் சேர்ந்து அவருக்குப் பெற்றுத் தந்தவை இத்தகைய ஆய்வுகளே. உழைப்பு ஊறிய சிறு தயாரிப்பாளரும் அலட்சியமான தயாரிப்பாளரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு விற்கும்போது, முன்னவர் தம் தரத்தை நிரூபிக்க வழியின்றி நிற்கிறார். சோதனை அறையால் முதலில் பயனடைபவர் நுகர்வோர் என்று நினைக்கிறோம். நேர்மையான சிறு உற்பத்தியாளருக்கும் அதே அளவு பயன் உண்டு.

அறைகள் ஏன் பெரிதாக வளர்ந்தன? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படை, கடுங்குளிரில் விமானங்கள் இயங்குமா என்று அறிய அலாஸ்காவிலுள்ள லாட் விமானத்தளத்தில் சோதனைகள் நடத்தியது. அங்கே குளிர் தாராளம். ஆயினும் அது சோதனைக்காரரின் நாட்குறிப்பைப் பார்த்து வருவதில்லை. வேண்டிய அளவு குளிர் வந்த நாளில் விமானம் தயாராக இராது; விமானம் தயாரான நாளில் பனி இளகிவிடும். குளிரையே ஒரு கூரைக்குள் கொண்டுவர வேண்டும் என்று வாதாடியவர் ஆஷ்லி மெக்கின்லி என்ற அதிகாரி. அதன் விளைவாக, வெயிலுக்குப் பேர்போன புளோரிடா மாநிலத்தின் எக்லின் தளத்தில் 1947-இல் ஒரு மாபெரும் தட்பவெப்ப ஆய்வகம் செயல்படத் தொடங்கியது. பின்னர் மெக்கின்லியின் பெயரையே அது பெற்றது. முழு விமானத்தையும் நிறுத்தி, பூஜ்யத்துக்குக் கீழே 54 டிகிரி முதல் மேலே 74 டிகிரி வரை அங்கே கொண்டுபோக முடியும். வியன்னாவில் இரயில் வண்டிகளுக்காகவே 100 மீட்டர் நீளமுள்ள காலநிலைக் காற்றுச் சுரங்கம் இயங்குகிறது. பெங்களூரில் இஸ்ரோவிடம் ஏறத்தாழ 9 மீட்டர் விட்டமுள்ள விண்வெளிச் சூழல் அறை உண்டு. செயற்கைக்கோளை முழுமையாக உள்ளே வைத்து, காற்றை வெளியேற்றி, விண்வெளியின் குளிரையும் வெயிலையும் மாறி மாறிக் காட்டுவார்கள்.

முழுப்பொருளையும் உள்ளே வைக்க வேண்டிய அவசியத்துக்குக் காரணம் எளிது. உறுப்புகள் தனித்தனியே தேர்ச்சி பெற்றுவிடும்; பழுது பெரும்பாலும் இணைப்புகளில் நிகழும். அலுமினியமும் எஃகும் வெப்பத்தில் வெவ்வேறு அளவு விரிகின்றன. ஒரு கம்பிக்கட்டு, குளிரில் விறைத்து, கதவின் விளிம்பில் உரசும். கருவிப்பெட்டியின் விசிறி வெளியேற்றும் சூடான காற்று, அருகிலிருக்கும் மின்கலத்தின் மேல் படும். தனித்தனிச் சோதனையில் இவை வெளிப்படா. வேறொரு நுணுக்கமும் உண்டு: சோதிக்கப்படும் பொருள் அறையை ஏறத்தாழ அடைத்துக்கொண்டு நின்றால், காற்று அதைச் சுற்றி ஓட முடியாது. அப்போது அளவுமானி காட்டும் வெப்பம் ஒன்று, பொருள் உணரும் வெப்பம் மற்றொன்று. பொருளைவிட அறை நன்றாகப் பெரிதாக இருந்தாக வேண்டும்.

சோதனை அறை எதைச் சொல்ல முடியாது என்பதையும் தெளிவாக்க வேண்டும். விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை. சூரியமின் தகடுகளுக்கான ஐஇசி 61215 விதியில் ஈரவெப்பச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம். வெப்பம் 10 டிகிரி கூடினால் இரசாயனச் சிதைவின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது, சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1889-இல் முன்வைத்த சமன்பாட்டிலிருந்து பொறியாளர்கள் எடுத்தாளும் கைவாய்ப்பாடு. அதன்படி 35 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் இடையே ஐந்து இரட்டிப்புகள். அதாவது 32 மடங்கு. அறையில் கழிந்த 1,000 மணி நேரம் வெளியில் 32,000 மணி நேரத்துக்கு, அதாவது மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று கூடுதலான காலத்துக்குச் சமம். ஈரப்பதத்தின் பங்கையும் சேர்த்தால் இந்தக் காலம் நீளலாம். ஆனால், கணக்கில் உறுதியும் குறையும். தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்களே, அதை இந்தச் சோதனை மட்டும் நிரூபித்துவிட்டதாகக் கொள்ள முடியாது. சரக்கில் மோசமானதை வடிகட்டிவிட்டது என்பது மட்டுமே உறுதி.

எண்ணிக்கையும் இதேபோல் கறாரானது. 90 சதவீதப் பொருள்கள் தாங்கும் என்று 90 சதவீத நம்பிக்கையுடன் சொல்ல வேண்டுமானால், 22 பொருள்களைச் சோதித்து ஒன்றுகூடப் பழுதாகாமல் இருக்க வேண்டும். 99 சதவீதப் பொருள்கள் தாங்கும் என்று சொல்ல 230 வேண்டும். இது எளிய நிகழ்தகவுக் கணக்கு. மேல்நிலைப் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம். 230 மின்விளக்குகளைச் சோதிக்கலாம். 230 பேருந்துகளைச் சோதிக்க எந்த நாட்டாலும் முடியாது. ஆகவே பெரிய அறையில் ஒரே ஒரு வண்டி தேர்ச்சி பெற்றது என்ற சான்றிதழின் புள்ளியியல் மதிப்பு மிகக் குறைவு. பெரிய அறையின் மெய்யான பயன் பலவீனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பழுதாகும்வரை வெப்பத்தையும் அதிர்வையும் படிப்படியாகக் கூட்டி, முதலில் எது உடைகிறது என்று பார்த்து, அதைத் திருத்தி, மீண்டும் கூட்டிக்கொண்டே போவது. சான்றிதழை மட்டும் நாடி வருபவருக்கு அறை ஒரு வாசல்; வடிவமைப்பாளருக்கு அது பள்ளிக்கூடம். நம் தொழில்முனைவோர் பலர் முதல் வகையிலேயே நின்றுவிடுவது வருத்தத்துக்குரியது.

விதிகள் தாமதமாக வந்தால் என்னவாகும் என்பதைத் தமிழ்நாடு அண்மையில் பார்த்தது. 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் மின்னேற்றம் செய்வதற்காக இணைக்கப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். நாட்டின் வேறு பகுதிகளிலும் அந்த மாதங்களில் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன்பின் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மின்கலங்களுக்கான ஏஐஎஸ் 156 தரவிதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. இவ்வகை மின்கலச் சோதனையில் வெப்ப அதிர்ச்சி என்ற பகுதி உண்டு. மின்கலத்தை 60 டிகிரியில் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்து, அரைமணி நேரத்துக்குள் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு மாற்றி, அங்கேயும் ஆறு மணி நேரம் வைக்க வேண்டும். அதன்பிறகும் கசிவோ வெடிப்போ தீயோ இருக்கக் கூடாது.

இது ஒரு பொதுச் சோதனை. ஏற்காட்டுச் சாலை தனக்கென்று வேறொரு வினாத்தாளை வைத்திருக்கிறது. இருவர் அமர்ந்த ஸ்கூட்டரின் மொத்த எடையை 200 கிலோ என்று கொண்டால், 1,200 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலை உராய்வும் காற்றின் எதிர்ப்பும் தனி. சேலத்தின் மே மாத வெயிலில் நின்று ஏற்கெனவே சூடேறிய மின்கலம், ஓய்வின்றி இந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டு, உச்சியில் மழையில் நனைகிறது. மேலே முழுதாக மின்னேற்றி இறங்கினாலோ, பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க அதற்கு இடமில்லை. அந்தச் சுமை முழுவதும் சாதாரண பிரேக்கின் தலையில் விழுகிறது. வெப்பம், ஈரம், அழுத்தம், அதிர்வு நான்கையும் சேர்த்து, பொருள் போகவிருக்கும் இடத்தின் வாழ்க்கைக்கு ஏற்றபடி சோதனையை வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க இராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 தரவிதி நெடுங்காலமாக வலியுறுத்தும் கொள்கை. நம் முப்படைகளுக்கும் ஜேஎஸ்எஸ் 55555 என்ற பொதுத் தரவிதி உண்டு. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே மாதம் 51 டிகிரி பதிவானது. சியாச்சினில் பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி வரை போகும். ஒரே படையின் ஒரே கருவி இரண்டையும் தாங்க வேண்டியிருக்கிறது. சிப்பாயின் வானொலிக்கு நாம் காட்டும் அக்கறையை மலைவாசியின் பம்புசெட்டுக்கும் காட்டலாம்.

அப்படியானால் இத்தகைய அறையைக் கட்டுவது யார்? ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1,000 மணி நேரச் சோதனை என்பது ஏறத்தாழ 42 நாள். இடைவிடாமல் இயங்கினாலும் ஓர் அறை ஓர் ஆண்டில் அத்தகைய சோதனைகளை எட்டு முறைதான் முடிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு புதிய பொருளை உருவாக்கும் சிறு நிறுவனம் சொந்தமாக அறை வாங்கினால், அது 730 நாளில் 42 நாள் மட்டுமே பயன்படும். பாதி அறை என்று ஒன்றை வாங்கவும் முடியாது. பெருஞ்செலவில் ஒரே தடவையில் கட்டப்பட்டு, கட்டியபின் ஒவ்வொரு பயனாளருக்கும் ஆகும் கூடுதல் செலவு சிறிதாக இருக்கும் பாலம் போன்றவற்றின் நிலைச்செலவைப் பொதுக் கருவூலம் ஏற்பதே சமூகத்துக்கு இலாபம் என்று ஹரோல்டு ஹோட்டலிங் 1938-இல் வாதிட்டார். சோதனை அறை அந்தப் பாலத்தைப் போன்றதே. நிலைச்செலவு அரசுடையது; மின்சாரம், நீர், பணியாளர் நேரம் ஆகியவற்றின் செலவு பயன்படுத்துபவருடையது.

அரசுக்கு இது புதிய பாதையும் அன்று. 2005-இல் ஒப்புதல் பெற்ற தேசிய வாகனச் சோதனைத் திட்டத்தின் கீழ் மானேசர், பீதம்பூர், சென்னையை அடுத்த ஒரகடம் ஆகிய இடங்களில் மையங்கள் எழுந்தன. பாதுகாப்புத் தளவாடச் சோதனை வசதிகளுக்காக 2020 மே மாதம் 400 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசின் மானியம். தமிழ்நாட்டில் ஆளில்லா விமானம், மின்னணுப் போர்முறை, மின்-ஒளியியல் ஆகிய மூன்று துறைகளுக்கு மையம் அமைக்க 2024 ஜூலையில் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளுள் சேலமும் ஒன்று. ஏனையவை சென்னை, ஓசூர், கோவை, திருச்சி. துருப்பிடிக்கா எஃகுத் தகடு தயாரிக்கும் ஆலை சேலத்திலேயே இருக்கிறது. அறையின் உட்சுவருக்கு வேண்டியது அதுவே. பாதுகாப்புத் துறைக்காக எழும் ஓர் அறை, ஆண்டில் பாதி நாள்களைக் குடிமக்கள் பயன்படுத்தும் பொருள்களுக்கு ஒதுக்கினால், அதே முதலீடு இருமுறை பயன் தரும். சேலத்துக்கு என் பரிந்துரை இதுவே: ஒரு முழு மின்கலப் பெட்டகமோ சிறு சரக்கு வாகனமோ உள்ளே நுழையக்கூடிய, காற்றழுத்தத்தையும் குறைக்கும் வசதியுள்ள ஒரே ஓர் அறை.

எதிர்வாதங்கள் உண்டு. இந்த அறைகள் மின்சாரத்தை விழுங்குபவை. கடுங்குளிர்ச் சுற்றில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ஆர்-23 என்ற வாயு, கரியமில வாயுவைப்போல் 12,000 மடங்குக்கும் அதிகமாகப் புவியைச் சூடாக்க வல்லது. புதிதாகக் கட்டுபவர்கள் மாற்று வாயுக்களையே நாட வேண்டும். அரசு பணம் கொடுத்து வாங்கிய எந்திரம் இயக்கத் தெரிந்தவர் இல்லாமல் உறை மூடிக் கிடக்கும் காட்சியும் நமக்குப் புதிதல்ல. சேலம் அரசு பொறியியல் கல்லூரி போன்ற நிறுவனங்களின் பங்கேற்பு முதல் நாளிலிருந்தே வேண்டும். இவற்றைவிடக் கடினமானது நம்பகத்தன்மைச் சிக்கல். சோதனைக்குக் கட்டணம் செலுத்துபவர் தயாரிப்பாளர். சோதிக்க வேண்டிய மாதிரியைத் தேர்ந்து அனுப்புபவரும் அவரே. நூற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து மெருகேற்றி அனுப்பினால், அறை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் கடைகளிலிருந்தே மாதிரி எடுக்கும் முறையை ஏற்கெனவே பின்பற்றுகிறது. பொதுப்பணத்தில் இயங்கும் அறைக்கு அது நிபந்தனையாக வேண்டும். லியோன் நகரத்துப் பட்டு நிலையத்தை இரு தரப்பும் நம்பியதற்குக் காரணம் அதன் அடுப்பு மட்டுமன்று. அது எவருடைய கையாளாகவும் இருக்கவில்லை.

இனி, மலையே இருக்கும்போது அறை எதற்கு என்று கேட்போருக்கு லாட் தளத்தின் அனுபவமே விடை. ஆனால், அறை கட்டியபின் மலை தேவையில்லை என்றும் சொல்ல முடியாது. அறையின் 1,000 மணி நேரம் மெய்யான மூடுபனியின் எத்தனை ஆண்டுக்குச் சமம் என்பதை மலையில் வைத்துப் பார்த்தால்தான் அறியலாம். இதற்கும் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் நன்கொடையிலும் உருவாகி, 1953 முதல் காரைக்குடியில் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைத் திறந்தவெளியில் வைத்து, உப்புக்காற்று அவற்றை அரிப்பதை ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறது. நாட்டின் அரிமான வரைபடமும் அந்த நிறுவனம் தந்ததே.

ஏற்காட்டில் அத்தகைய ஒரு நிலையத்துக்குப் பெருஞ்செலவு ஆகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. அதன் வளாகத்தில் வேலியிட்ட ஒரு சிறு திடல், சில இரும்புத் தாங்கிகள், வெப்பத்தையும் ஈரத்தையும் பதிவுசெய்யும் கருவி, மாதம் ஒருமுறை வந்து பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஓர் ஆய்வு மாணவர். சேலத்து அறையில் தேறிய இன்வெர்ட்டர், மின்கலப் பெட்டி, மோட்டார் ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்து அங்கே வைக்கலாம். எது எத்தனை மாதத்தில் பழுதானது என்ற பட்டியலைப் பொருளின் வகை, கட்டமைப்பு விவரங்களுடன் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும். தோட்டத்துக்காரர் அடுத்த மோட்டாரை வாங்கக் கடைவீதிக்குப் புறப்படும் முன் அது அவர் கையில் இருக்க வேண்டும்.